வியாழனைச் சுத்தி துகளுங்க எப்படி ஓடுது? ஆலங்குடி பக்கத்து மொட்டமாடில கேட்ட கேள்விகள்

எங்க ஊர்லேந்து ஆலங்குடி நடந்து போற தூரம். தட்சிணாமூர்த்திய குருவா கும்புடுற ஸ்தலம், குருபெயர்ச்சின்னா கும்பகோணம் ரோடு முழுக்க பஸ்ஸும் வேனுமா நிக்கும். அந்த குரு, அதாவது வியாழன், வானத்துல எங்க இருக்குன்னு கேட்டா பாதிப்பேருக்கு காட்டத் தெரியாது, அதனால கார்த்திகை மார்கழில மழ விட்ட ராத்திரியா பாத்து எங்க மொட்டமாடில ஒரு சின்ன டெலஸ்கோப் வச்சு வர்றவங்களுக்கு காட்டுறேன். ஒரு வட்டம், பக்கத்துல அதோட நெலாங்க நாலு புள்ளியா, அவ்வளவுதான் தெரியும். ஆனா கண்ணுக்குத் தெரியாத விஷயம்தான் அங்க பெருசு, அத சொல்ல ஆரம்பிச்சதும் கேள்வி மேல கேள்வியா வருது. திரும்பத் திரும்ப கேட்டதையெல்லாம் இங்க எழுதி வைக்கிறேன்.

மின்னேற்றத் துகள்னா என்ன?

எலக்ட்ரான், புரோட்டான், அப்பறம் எலக்ட்ரான் ஒண்ணு ரெண்டு கழண்டு போன அணு, அதுக்கு அயனின்னு பேரு. இதெல்லாம் கூட்டமா திரியிற நெலமைக்கு பிளாஸ்மா. டியூப் லைட் எரியறப்ப உள்ள இருக்கறதும் பிளாஸ்மாதான், அதனால இது ஏதோ வானத்துல மட்டும் இருக்கற சமாச்சாரம்னு நெனைக்க வேணாம்.

காந்தம் இழுக்கும், தள்ளும். துகளையும் அப்படித்தான் இழுக்குமா?

இங்கதான் எல்லாருக்கும் தடுக்குது, அதனால கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்றேன்.

எங்கப்பா டிவி ரிப்பேர் கடை வச்சிருந்தாங்க. பழைய பிளாக் அண்ட் ஒயிட் டிவில பின்னாடி கழுத்துலேந்து எலக்ட்ரான் கத்தையா கெளம்பி கண்ணாடில வந்து மோதும், மோதுன எடம் ஒளிரும், அதுதான் படம். உடைஞ்ச ஸ்பீக்கர்லேந்து கழட்டுன காந்தத்த டிவிக்கு மேல கொண்டுபோய் வப்பேன். மேலேந்து காட்டுறோமே, படம் மேல இழுபடும்னுதான் தோணும். இழுபடாது. செய்தி வாசிக்கிறவங்க மொகம் அப்படியே பக்கவாட்டுல சாயும், காந்தத்த திருப்பிப் புடிச்சா அந்தப் பக்கம் சாயும், எடுத்துட்டா பழையபடி நேராயிடும். அப்பறமா இலவச கலர் டிவி வந்தப்ப அதுலயும் செஞ்சு பாத்தேன், உள்ள இருக்கற இரும்புத் தகடு காந்தம் ஏறிக்கிட்டு ஒரு மூலைல பச்சையும் ஊதாவுமா கறை நின்னுபோச்சு, அப்பா காயில் சுத்தி அத எடுக்க ஒரு மத்தியானம் ஆச்சு.

அந்த பக்கவாட்டுச் சாயல்தான் மொத்த விஷயமும். ஓடுற துகள காந்தம் முன்னால தள்ளாது, பின்னால இழுக்காது, அது போற திசைக்கும் காந்தக்கோட்டுக்கும் (காந்தத்தோட ஒரு முனைலேந்து இன்னொரு முனைக்கு வளைஞ்சு போறதா வரையிற கோடு) ரெண்டுக்குமே குறுக்கா, பக்கத்துல தள்ளும். நிக்கிற துகள அது தொடவே தொடாது. பக்கவாட்டுல தள்ளிக்கிட்டே இருந்தா என்ன ஆகும், துகள் வளைஞ்சுகிட்டே போய் வட்டம் அடிக்கும். வேகம் கூடாது, கொறையாது, திசை மட்டும் மாறும்.

அப்ப எல்லாம் ஒரே எடத்துல வட்டம் அடிச்சுகிட்டு நிக்குமா?

நிக்காது. மூணு ஓட்டம் ஒண்ணா நடக்குது. ஒண்ணு, இப்ப சொன்ன வட்டம். ரெண்டு, காந்தக்கோட்டு வழியா நீளமா போறத தடுக்க ஆளில்ல, அதனால வட்டம் நீண்டு ஸ்பிரிங் மாதிரி ஆயிடும், அந்த ஸ்பிரிங் வடக்கு நுனிக்கும் தெக்கு நுனிக்கும் போய்ப் போய் திரும்பும். மூணாவது நகர்வு: கிரகத்துப் பக்கம் காந்தம் பலமா இருக்கு, வெளிப்பக்கம் பலம் கம்மி, அதனால ஒவ்வொரு வட்டத்துலயும் உள்பாதி இறுக்கமா வளையும், வெளிப்பாதி தளர்வா வளையும், வட்டம் மூடாம ஒரு பக்கமா தள்ளிக்கிட்டே போகும், அப்படியே போய் கிரகத்தையே சுத்தி வந்துடும். எலக்ட்ரான் ஒரு திசைல, நேர்மின் அயனி எதிர்த் திசைல. பூமில எலக்ட்ரான் கிழக்கால நகரும். வியாழன்ல காந்தத்தோட வடக்கு தெக்கே தலைகீழா இருக்கறதால அங்க மேற்கால.

எவ்வளவு பெரிய வட்டம்னு ஒரு தம்பி கேட்டான், பிளஸ் டூ படிக்கிறவன், அவனோடயே உக்காந்து கணக்கு போட்டோம். வியாழனோட நெலா அயோ இருக்கற எடத்துல காந்தம் ஒரு டெஸ்லால (காந்த பலத்த அளக்குற அலகு) 5 லட்சத்துல ஒரு பங்கு. வினாடிக்கு 57 கிலோமீட்டர் வேகத்துல சுத்துற கந்தக அயனிக்கு (அந்தக் கந்தகமும் வேகமும் எங்கேந்துன்னு பின்னால சொல்றேன்) வட்டத்தோட ஆரம் சுமார் 9.5 கிலோமீட்டர் வருது. விட்டம் 19, கும்பகோணத்துலேந்து ஆலங்குடிக்கு வர்ற தூரத்த விட கொஞ்சம் கூட. அந்த வட்டத்த முடிக்க ஒரு வினாடிதான். அதே வேகத்துல எலக்ட்ரான போட்டா ஆரம் ஒரு சாணு கூட வரல.

நுனிக்குப் போன துகள் ஏன் திரும்பி வருது? அங்க செவரா இருக்கு?

செவர் இல்ல. நுனிகிட்ட போகப் போக காந்தக்கோடு எல்லாம் நெருங்கி காந்தம் பலமாகும். நெருக்கமான எடத்துல சுத்து வேகம் ஏறணும், அது கட்டாயம். ஆனா மொத்த வேகம் மாறாதுன்னு சொன்னேன்ல, அதனால சுத்துறதுக்கு எடுத்தது போக மிச்சம்தான் முன்னால போறதுக்கு. மாசச் சம்பளம் ஒரே தொகைதான், வாடகை ஏற ஏற கைல நிக்கிறது கொறையும்ல, அதே மாதிரி. ஒரு எடத்துல முன்னால போற வேகம் சுத்தமா தீர்ந்துடும், துகள் அப்படியே மடங்கித் திரும்பும். இதுக்கு காந்தக் கண்ணாடின்னு பேரு.

ஆனா எல்லாமே திரும்பாது. ஆரம்பத்துலயே அதிகம் சுத்தாம கோட்டோட ஒட்டி நேரா போறதுங்களுக்கு வேகம் தீர்றதுக்குள்ள கிரகத்தோட காத்து வந்துடும், அதுல மோதி அங்கயே முடிஞ்சிடும். அந்த மோதல்லதான் துருவ ஒளி, அதாவது துருவத்துப் பக்கத்து வானத்துல எரியிற வெளிச்சம் வருது.

பூமியச் சுத்தி இப்படி மாட்டிக்கிட்டு திரியிற துகள் வளையத்த 1958ல எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோள் அனுப்புன தகவல வச்சு வான் ஆலன் கண்டுபிடிச்சார். வியாழன்ல இருக்கறது அதே சங்கதிதான், ஆனா அளவு வேற.

வியாழனோட காந்தம் எவ்வளவு பெருசு?

போன்ல காந்தமானி ஆப் ஒண்ணு போட்டுப் பாருங்க, நம்ம பக்கம் 40 மைக்ரோ டெஸ்லா கிட்ட காட்டும். வியாழனோட நடுக்கோட்டு மேகத்துக்கு மேல வச்சா அது 400ஐத் தாண்டும், வடக்குல பலமான எடத்துல 2000 வரைக்கும் போகும். பத்து மடங்குதானேன்னு தோணும், ஆனா அந்த எடமே மையத்துலேந்து 71,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அவ்வளவு தள்ளி வந்தும் அவ்வளவு பலம். மொத்த காந்த வலிமைய கணக்கு பாத்தா பூமிய விட சுமார் 20,000 மடங்கு. உள்ள ஹைட்ரஜன் அழுத்தம் தாங்காம உலோகம் மாதிரி ஆகி கரண்ட்ட கடத்துது, கிரகமே 9 மணி 55 நிமிஷத்துல ஒரு சுத்து சுத்துது, அதுல பொறக்குற காந்தம் இது.

சூரியன்லேந்து வர்ற துகள் காத்து வினாடிக்கு சுமார் 400 கிலோமீட்டர் வேகத்துல வந்து இந்த காந்தத்துல முட்டிப் பிரியுது. முக்கொம்புல காவிரி ரெண்டா பிரிஞ்சு ஸ்ரீரங்கத்த சுத்திப் போகுதுல்ல, அந்தத் தீவு மாதிரி நெனச்சுக்கோங்க. சூரியன் பக்கத்து மூக்கு வியாழனோட ஆரத்துல 60 மடங்கு தூரத்துல, காத்து தணிஞ்சா 90 மடங்குக்கும் மேல போகும். வால் சனியோட பாதை வரைக்கும் நீளுது, அது 65 கோடி கிலோமீட்டர். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சா நம்ம வானத்துல முழு நெலாவ விட பெருசா நிக்கும்.

உள்ள இருக்கற துகள் எல்லாம் சூரியன்லேந்து வந்ததா?

கொஞ்சம் அப்படி. பெரும்பங்கு அயோலேந்து வருது. இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல எனக்கு ரொம்பப் புடிக்கும்.

1979 மார்ச்ல வாயேஜர் 1 விண்கலம் வியாழன தாண்டிப் போனப்ப, வழி சரி பாக்குறதுக்காக எடுத்த ஒரு படத்துல அயோவோட ஓரத்துல குடை மாதிரி ஒண்ணு எழும்பி நின்னத லிண்டா மொராபிட்டோ கவனிச்சாங்க. எரிமலை. பூமிக்கு வெளியில எரிமலை பொங்குறத மனுசங்க மொதமொதல்ல பாத்தது அப்பதான். வியாழனும் மத்த நெலாவும் மாத்தி மாத்தி இழுத்து அயோவ பெசைஞ்சுகிட்டே இருக்கறதால உள்ள கொதிக்குது, கந்தக டை ஆக்சைடா கக்குது. அதுல வினாடிக்கு சுமார் 1 டன் வியாழனோட காந்தத்துக்குள்ள போய்ச் சேருது. நம்ம கொள்முதல் நெலையத்து 40 கிலோ சிப்பமா போட்டா வினாடிக்கு 25 சிப்பம், ராத்திரி பகல் நிக்காம.

இன்னொண்ணு இருக்கு. அடுப்புல உப்பு செதறுனா நெருப்பு பளிச்சுனு மஞ்சளாகும், பாத்திருப்பீங்க. அது உப்புல இருக்கற சோடியம். அயோவச் சுத்தியும் அதே மஞ்சள் ஒளி ஒரு மேகமா இருக்கறத 1970கள்லயே பூமிலேந்து பாத்துட்டாங்க, பின்னாடி அயோவோட காத்துல சோடியம் குளோரைடே இருக்குன்னும் தெரிஞ்சுது. வேதாரண்யத்து உப்பளத்துல வாருற அதே உப்பு. இத சொன்னப்ப எங்க அப்பாயி அடுப்புல ஒரு கல் உப்பு போட்டு அந்த மஞ்சள செத்த நேரம் பாத்துகிட்டே இருந்தாங்க.

கக்குனது எப்படி காந்தத்துல மாட்டுது?

அணுவா இருக்கறவரைக்கும் காந்தத்துக்கு அது கண்ணுல படாது. இன்னொரு எலக்ட்ரான் வந்து இடிச்சு ஒரு எலக்ட்ரான கழட்டி விட்டதும் அயனி ஆயிடும், அந்த நொடியே மாட்டிக்கும்.

அயோ வியாழன சுத்த 42 மணி நேரத்துக்கு மேல ஆகுது, அதோட வேகம் வினாடிக்கு 17 கிலோமீட்டர். காந்தப்புலமோ கிரகத்தோட ஒட்டி 10 மணி நேரத்துக்குள்ள சுத்துது, அந்தத் தூரத்துல அதுக்கு வேகம் 74 கிலோமீட்டர். அப்ப காந்தமும் அதுல இருக்கற பிளாஸ்மாவும் அயோவ பின்னாலேந்து 57 கிலோமீட்டர் வேகத்துல முந்திக்கிட்டே போகுது. புதுசா பொறந்த அயனி ரோட்டுல கெடந்த சேறு, சைக்கிள் டயர் வந்து ஒட்டி எடுத்துகிட்ட மாதிரி: கீழ இருக்கறப்ப நிக்கிற மாதிரி இருக்கும், மேல போறப்ப ரெட்டை வேகம், திரும்ப கீழ. அந்தச் சேறு வரையிற வளைவும் அயனி வரையிற வளைவும் ஒண்ணேதான். இந்த வேகம் எல்லாம் எங்கேந்து வந்துச்சு, வியாழன் சுத்துற சுத்துலேந்து. அத நல்லா மனசுல வச்சுக்கோங்க, பூமியோட காந்தவெளிய, அதாவது அதோட காந்தம் ஆள்ற எடத்த, ஆட்டி வைக்கிறது பெரும்பாலும் சூரியக் காத்து, வியாழனோடத ஆட்டி வைக்கிறது அதோட சொந்தச் சுத்து. இந்த ஒரு வித்தியாசத்த புரிஞ்சுகிட்டா மீதி எல்லாம் தானா விளங்கும், அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

காந்தவெளி சுத்துனா உள்ள இருக்கறது ஏன் சேந்து சுத்தணும்?

கிரைண்டர்ல மாவு அரைக்கிறப்ப பாருங்க. டிரம் சுத்துது, மாவும் கூடவே இழுபட்டு சுத்துது, வெளிப்பக்கமா ஒதுங்கி ஓரத்துல ஏறுது. பிளாஸ்மாவும் காந்தக்கோடும் ஒண்ண ஒண்ணு விடாது, கோடு போனா பிளாஸ்மா போகும், பிளாஸ்மா பலமா இழுத்தா கோடும் வளையும். அயோகிட்ட பொறந்தது வளையமா சேருது, கனமான குளுந்த பிளாஸ்மா வெளிய தள்ளப்படுது, உள்ள சூடான லேசான பிளாஸ்மா அந்த எடத்துக்கு வருது, பால் பொங்குறப்ப மேலயும் கீழயும் மாறி மாறி வர்ற மாதிரி வெரல் வெரலா. இப்படி வெளிய போய்ச் சேர சில வாரம் ஆகும்.

வெளிய போகப் போக கூடவே சுத்த முடியாம பின்தங்கும். வியாழன் அத விடாம இழுக்கும், அந்த இழுவைக்கு கோடு வழியா பெரிய கரண்ட் ஓடும். சுத்துற வேகத்துல பிளாஸ்மா நடுக்கோட்டுப் பக்கம் தட்டையா பரவி ஒரு தட்டு மாதிரி ஆகுது, காந்தக்கோடெல்லாம் வெளிப்பக்கமா இழுபட்டு நீளுது. கடைசில ராத்திரிப் பக்கத்து வால்ல கோடு அறுந்து ஒட்டி, ஒரு பெரிய பொதி பிளாஸ்மா கழண்டு வெளிய போயிடும். வினாடிக்கு 1 டன் வரவுக்கு அதுதான் செலவு.

துகளுக்கு அவ்வளவு ஆற்றல் எப்படி ஏறுது?

காந்தம் வேகத்த மாத்தாதுன்னு மேல சொல்லிட்டு இப்ப இப்படி சொல்றீங்களேன்னு அந்தத் தம்பி சரியா புடிச்சான். மாறாத காந்தத்துல மாறாது. ஆனா கோடுங்க ஆடி அசையிறப்ப மின்புலமும் கூட வரும், அது துகள உள்ளயும் வெளியயும் தள்ளும். உள்ள வந்தது பலமான காந்தத்துக்கு வருது. தூரம் பாதியாச்சுன்னா காந்தம் 8 மடங்கு, சுத்துற ஆற்றலும் அதே கணக்குல ஏறும், ஒளி வேகத்த நெருங்கிட்ட துகளுக்கு மட்டும் அந்த ஏத்தம் கொஞ்சம் கம்மி. இப்படி படிப்படியா உள்ள வந்த எலக்ட்ரான் கோடிக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகளோட ஆற்றல அளக்குற அலகு) போயிடும். பழைய டிவில எலக்ட்ரானுக்கு இருந்தது இருபதாயிரம் சுமாருக்குத்தான்.

ஒளி வேகத்த ஒட்டிப் போற எலக்ட்ரான் காந்தத்துல வளைஞ்சா ரேடியோ அலைய வெளிய விடும், அதுக்கு சின்க்ரோட்ரான் கதிர்னு பேரு. வியாழன்லேந்து வர்ற ரேடியோ அலை அதுதான்னு 1959ல ஃபிராங்க் டிரேக்கும் ஹ்வாட்டமும் யோசன சொன்னாங்க. அத ஊர்ஜிதம் பண்ணது யாருன்னா, நம்ம ஊரு சம்பந்தம் உள்ள ஒருத்தர். சர் சி.வி.ராமன் பொறந்தது 1888ல திருவானைக்காவல்ல, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல. அவரோட கடைசி மகன் வி.ராதாகிருஷ்ணன், 1929ல சென்னைல பொறந்தவர். அவரும் ஜேம்ஸ் ராபர்ட்ஸும் கலிபோர்னியால ஓவன்ஸ் பள்ளத்தாக்கு ரேடியோ தொலைநோக்கிங்கள வச்சு 960 மெகா ஹெர்ட்ஸ்ல வியாழன பாத்தாங்க. கதிர் வர்ற எடம் கிரகத்தோட விட்டத்த விட சுமார் மூணு மடங்கு அகலமா இருந்துச்சு, அதுல 30 சதவீதம் கிட்ட ஒரே தளத்துல அதிர்ற அலை. கிரகத்தோட மேல்பரப்பு சூட்டுலேந்து வந்தா இப்படி இருக்கவே முடியாது, காந்தத்துல மாட்டிக்கிட்டு சுத்துற எலக்ட்ரான்லேந்துதான் வரணும். 1960ல அத எழுதி வெளியிட்டாங்க. எந்த விண்கலமும் வியாழன் பக்கம் போறதுக்கு 13 வருஷம் முன்னாடியே, ஆன்டெனாவ வச்சுகிட்டு இங்கேந்தே அந்தத் துகள் வளையத்தோட உருவத்த சொல்லிட்டாங்க. பின்னாடி அவர் பெங்களூர்ல ராமன் ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநரா இருந்தார், 2011ல காலமானார். திருவானைக்காவல் வழியா பஸ்ல போறப்ப எல்லாம் எனக்கு அந்த மூணு மடங்கு அகலம்தான் ஞாபகம் வரும்.

வியாழன் சத்தத்த ரேடியோல கேக்கலாமாமே?

கேக்கலாம், அது வேற அலை. 1955ல பெர்னார்டு பர்க்கும் கென்னத் ஃபிராங்க்ளினும் அமெரிக்கால 22.2 மெகா ஹெர்ட்ஸ்ல ஏதோ இடைஞ்சல்னு நெனச்சது வியாழன்னு தெரிஞ்சுது. 1964ல பிக் அப்படிங்கறவர், அயோ எந்த எடத்துல இருக்குங்கறத வச்சு அந்தச் சத்தம் கூடுது கொறையுதுன்னு காட்டுனார்.

20.1 மெகா ஹெர்ட்ஸ் கிட்ட ஷார்ட் வேவ் ரிசீவர், ரெண்டு பக்கமும் மூணரை மீட்டர் கம்பி இழுத்த ஆன்டெனா, ரெண்டு மூங்கில் கம்பம், ராத்திரி நேரம். நாகப்பட்டினம் கடக்கரைல அலை வந்து வந்து போற சத்தம் மாதிரி ஒரு வகை, சோளம் பொரியிற மாதிரி படபடன்னு இன்னொரு வகை. எங்க பக்கம் பம்புசெட்டு மோட்டார் ஓடுறப்ப கரகரப்புல ஒண்ணும் கேக்காது, மும்முனை கரண்ட் நின்ன நேரமா பாத்து உக்காரணும்.

அயோவுக்கும் வியாழனுக்கும் நடுவுல கரண்ட் ஓடுதுங்கறது உண்மையா?

உண்மை. டைனமோல என்ன நடக்குதோ அதே. வினாடிக்கு 57,000 மீட்டர், காந்தம் 0.000002 டெஸ்லா, அயோவோட அகலம் 36,40,000 மீட்டர், மூணையும் பெருக்குங்க, சுமார் 4 லட்சம் வோல்ட் வரும். அந்த வோல்ட்டு கோடு வழியா அலையா கரண்ட்ட அனுப்புது, அது வியாழனோட மேல்காத்துல எறங்குற எடத்துல ஒளிப்புள்ளி ஒண்ணு எரியும். அயோவோட காலடி மாதிரி, அயோ நகர நகர அதுவும் நகரும். மத்த நெலாங்க யூரோப்பாவுக்கும் கனிமீடுக்கும் தனித்தனிப் புள்ளி இருக்கு, ஹப்புள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த புற ஊதா படத்துல தெளிவா தெரியும்.

நம்ம ஊர்ல ஏன் துருவ ஒளி தெரியல, வியாழன்ல மட்டும் எப்பவும் இருக்கு?

காந்தக்கோடு தரைல செங்குத்தா எறங்குற பக்கம்தான் துகளும் எறங்கும். நம்ம தஞ்சாவூர் பக்கம் கோடு கிட்டத்தட்ட தரையோட படுத்தே இருக்கு, காந்த நடுக்கோடு தமிழ்நாட்டோட தென்கோடிப் பக்கமாதான் போகுது, அதனால இங்க துகள் எறங்க வழியே இல்ல. 2024 மே மாசத்து பெரிய சூரியப் புயல்ல கூட லடாக்ல ஹான்லேல செவப்பா தெரிஞ்சதோட சரி.

வியாழன்ல சூரியப் புயல் வர்றவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, சுத்தும் அயோவும் எப்பவும் இருக்கு, ஒளியும் எப்பவும் இருக்கு. 2016லேந்து துருவத்துக்கு மேலயே பறக்குற ஜூனோ விண்கலம் பாத்தப்ப, ஒரே அளவுல தள்ளிவிட்ட எலக்ட்ரான விட பல வேகத்துல கலந்தடிச்சு வர்ற எலக்ட்ரான்தான் அங்க பெரிய பங்குன்னு தெரிஞ்சுது, ரெண்டு திசைலயும் ஓடுது. பூமிய வச்சு எழுதுன கணக்க அப்படியே அங்க போட முடியலங்கறதுதான் எனக்கு அதுல பெரிய விஷயமா படுது.

அங்க மனுசன் போனா?

தாங்காது. யூரோப்பா மேல பாதுகாப்பில்லாம நின்னா ஒரு நாளைக்கு சுமார் 5.4 சீவர்ட் (உடம்பு வாங்குற கதிர்வீச்ச அளக்குற அலகு), அயோல 36. வயித்துக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்தா சுமார் 0.01. ஒரே தடவையா 5 சீவர்ட் வாங்குனா பொழைக்கிறது கஷ்டம்.

மெஷினுக்கே கஷ்டம். 1973 டிசம்பர்ல பயனியர் 10 விண்கலம் போனப்ப, கதிர்வீச்சு கம்ப்யூட்டருக்கு பொய்க் கட்டளை குடுத்து அயோவோட கிட்டத்துப் படம் கெடைக்காமப் போச்சு. ஜூனோவோட முக்கியமான எலக்ட்ரானிக்ஸ 1 செண்டிமீட்டர் தடிமன் டைட்டானியப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. கேமரா பெட்டிக்கு வெளியில இருக்கு, அது 2023 கடைசில படம் எல்லாம் கோடு கோடா வந்து கெட்டுப்போச்சு, ஹீட்டர முழுசா போட்டு சூடேத்துனாங்க, உள்ள சிலிக்கான்ல இருந்த பழுது சரியாகி டிசம்பர் 30ந்தேதி அயோவுக்கு 1,500 கிலோமீட்டர் பக்கத்துல போய் நல்ல படம் எடுத்துச்சு. எங்கப்பா இருந்தா இத கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க, சூடு காட்டி சரி பண்ணுன போர்டு அவங்க கைல எவ்வளவோ போயிருக்கு.

யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபர்ல கெளம்பிடுச்சு, 2030ல சேரும். அது யூரோப்பாவ சுத்தாம, வியாழன பெருசா சுத்திக்கிட்டு இடையிடையே யூரோப்பா பக்கம் வந்து சட்டுனு வெளிய ஓடிப்போற மாதிரி பாதை போட்டிருக்காங்க. துகள் எங்க நெருக்கமா இருக்குன்னு தெரிஞ்சதாலதான் அப்படி போட முடிஞ்சுது.

வியாழன்லேந்து துகள் நம்ம கிட்ட வருதா?

பெயர்ச்சிக்கு வந்த ஒரு அக்கா கேட்டாங்க, குருவோட பார்வை நம்ம மேல படுதுன்னு சொல்றாங்களே, அங்கேந்து ஏதாவது வருதாப்பான்னு. நம்பிக்கைய நம்பிக்கையா வச்சுகிட்டு பௌதிகத்த மட்டும் சொல்றேன். வருது. வியாழனோட காந்தவெளிலேந்து தப்பிச்ச வேகமான எலக்ட்ரானுங்க சூரியக் காத்தோட காந்தக்கோட்ட புடிச்சுகிட்டு பூமி வரைக்கும் வருது. அந்தக் கோடு சுருள் சுருளா வளைஞ்சு போகும், பூமியும் வியாழனும் ஒரே கோட்டுல மாட்டுற காலம் 13 மாசத்துக்கு ஒருதடவ வரும், அப்ப அது கூடும். செயற்கைக்கோளுங்க 1970கள்லேந்து இத அளந்துருக்கு. ரொம்ப சொற்பம், பூமியோட காந்தமும் காத்தும் தடுத்துடும், நம்ம உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. அந்த அக்கா கையெடுத்துக் கும்புட்டாங்க.

திருநள்ளாறு சனீஸ்வரனுக்கும், அதாவது சனி கிரகத்துக்கும் இப்படித்தானா?

வழி அதேதான், சரக்கு வேற. அங்க அயோவுக்குப் பதிலா என்செலடஸ்னு ஒரு நெலா, எரிமலைக்குப் பதிலா தண்ணி நீராவி. சனியோட வளையம் மாட்டுன துகள உறிஞ்சிடும், அதனால கதிர்வீச்சு வியாழன் அளவு இல்ல. காந்த அச்சும் சுத்துற அச்சும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கு, வியாழன்ல 10 டிகிரி சாஞ்சு இருக்கு.

எப்ப பாக்கலாம், அந்த அயோ எது?

சூரியனுக்கு நேர் எதிர்ல வியாழன் வர்ற சமயம்தான் நல்லா தெரியும், 2026 ஜனவரி 10 அப்படி இருந்துச்சு, அடுத்தது 2027 பிப்ரவரில. கும்பகோணம் மகாமகமும் இதோட சேந்ததுதான்: மாசில சூரியன் கும்பத்துல, பௌர்ணமி நெலா மகத்துல, குரு சிம்மத்துல, அப்படின்னா குரு சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தானே இருக்கணும். 2016 மகாமகம் பிப்ரவரி 22, வியாழன் நேர் எதிர்ல வந்தது மார்ச் 8. 2028லயும் அப்படித்தான், மார்ச்ல.

10x50 பைனாகுலர் போதும், ஆனா கைல புடிக்காதீங்க, கைப்பிடிச் செவுத்துல அணைச்சு வச்சு பாருங்க. நாலு புள்ளில பெரும்பாலும் வியாழனுக்கு ஒட்டுனாப்ல இருக்கறது அயோ, சில நாள் வேற நெலா குறுக்க வந்து ஏமாத்தும். சந்தேகமா இருந்தா சாப்ட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து திரும்பப் பாருங்க, நாலுல எது அதிகமா நகந்துருக்கோ பெரும்பாலும் அதுதான்.